மூக்கை மாற்றுவதற்கு முன்: சில கேள்விகளின் வரலாறு

மூக்கின் வடிவத்தை மாற்றிக்கொள்ள விரும்பி ஒருவர் மருத்துவரிடம் செல்லும்போது, நல்ல மருத்துவர் உடனே அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. முதலில் கேள்விகள் கேட்கிறார். மூக்கின் எந்தப் பகுதி பிடிக்கவில்லை? எப்போதிலிருந்து? இரண்டு துளைகளிலும் மூச்சு சீராக வருகிறதா? புகைபிடிக்கும் பழக்கம் உண்டா? வயது என்ன? இந்த அறுவை வேண்டும் என்று முதலில் சொன்னது நீங்களா, வேறொருவரா? கேட்பவருக்கு இவை படிவம் நிரப்பும் சடங்காகத் தோன்றலாம். ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை, கடந்த காலத்தில் யாரோ ஒருவருடைய மூக்கில் நேர்ந்த வெற்றியிலிருந்தோ விபரீதத்திலிருந்தோ பிறந்தவை. ரைனோபிளாஸ்டி எனப்படும் மூக்குச் சீரமைப்பு அறுவையின் வரலாற்றை அந்தக் கேள்விகளின் வழியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறுக்கப்பட்ட மூக்குகள்

மூக்கு அறுவையின் கதை அழகில் தொடங்கவில்லை, அவமானத்தில் தொடங்குகிறது. தமிழில் ஒருவரை அவமானப்படுத்துவதை 'மூக்கறுத்தல்' என்றும், தோற்றுத் தலைகுனிவதை 'மூக்குடைபடுதல்' என்றும் இன்றும் சொல்கிறோம். இது வெறும் சொல்வழக்காக இல்லாத காலம் ஒன்று இருந்தது. இராமாயணத்தில் சூர்ப்பணகையின் மூக்கு அறுபடுகிறது. பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டீனியனை 695இல் அரியணையிலிருந்து இறக்கியவர்கள் அவருடைய மூக்கை அறுத்து நாடு கடத்தினார்கள். முகம் சிதைந்தவன் மறுபடி அரசனாக முடியாது என்பது அவர்களுடைய கணக்கு. பத்து ஆண்டுகளில் அவர் திரும்பி வந்து ஆட்சியைப் பிடித்தார். 'மூக்கறுபட்டவர்' என்ற பட்டப்பெயர் மட்டும் வரலாற்றில் அவரோடு ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடியான பங்குண்டு. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், திருமலை நாயக்கர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், மைசூரை ஆண்ட கந்தீரவ நரசராசனின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்தது. வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்து, மூட்டை கட்டி மைசூருக்கு அனுப்பியதாக அக்காலத்து இயேசு சபைப் பாதிரியார்களின் கடிதங்கள் சொல்கின்றன. நோயுற்றிருந்த நாயக்கருக்கு இராமநாதபுரம் சேதுபதி படையுடன் வந்து உதவினார். பிறகு மதுரைப் படை மைசூருக்குள் சென்று அதே வகையில் பழிதீர்த்தது. இதை 'மூக்கறுப்புப் போர்' என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

போர்க்களத்திலும் தண்டனைக் களத்திலும் மூக்கை இழந்த மனிதர்கள் பலர் இருந்த நாட்டில் அதைத் திரும்ப அமைக்கும் கலையும் வளர்ந்தது வியப்பல்ல. அவர்களிடம் 'ஏன் இந்த அறுவை வேண்டும்?' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

சுசுருதர் விட்டுச்சென்ற அளவுகோல்

இந்தியாவில் இக்கலைக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று சுசுருத சங்கிதை. நூலின் காலம் குறித்து அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பல நூற்றாண்டுகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்த நூல் அது என்பது பொதுவான பார்வை. அதன் சூத்திரத்தானப் பகுதியில் மூக்கை அமைக்கும் முறை சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை எடுத்து, அந்த இலையின் அளவில் கன்னத்திலிருந்து தோலை உரிக்க வேண்டும். ஒரு முனையை அறுக்காமல் விட்டு, மூக்கின் எஞ்சிய பகுதியைக் கீறிப் புண்ணாக்கி, அதன்மேல் தோலைத் திருப்பி ஒட்ட வேண்டும். ஆமணக்குத் தண்டு போன்ற இரண்டு குழல்களை மூக்குத் துளைகளில் செருக வேண்டும். அதிமதுரம் முதலிய மருந்துப் பொடியைத் தூவி, பஞ்சால் மூடி, நல்லெண்ணெய் விட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று அந்த முனையை அறுக்காமல் விடுவது. இரத்த ஓட்டம் அறுபடாத தோலே உயிரோடு ஒட்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. நீங்கள் புகைபிடிப்பீர்களா என்று இன்றைய மருத்துவர் கேட்பதற்குக் காரணமும் இதுவே. நிகோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும். போதிய இரத்தம் பெறாத தோல் ஆற மறுக்கும். மற்றொன்று அந்த இரண்டு குழல்கள். மூக்கு பார்ப்பதற்கு மட்டும் அல்ல, மூச்சு விடுவதற்கும்தான் என்பதைச் சங்கிதை மறக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் மருத்துவர்கள் சிலர் இதை மறந்தார்கள்.

அளவைப் பற்றியும் அந்நூல் ஒரு வார்த்தை சொல்கிறது. ஒட்டிய மூக்கு குறைவாக அமைந்தால் வளர்க்க வேண்டும், மிகுந்தால் வெட்டிச் சமப்படுத்த வேண்டும். முதல் அறுவையே முடிந்த முடிவு ஆகாது என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

காவாஸ்ஜியின் மூக்கு

இந்த முறை எழுத்தில் மட்டும் தங்கிவிடவில்லை. நூல் படிக்காத கைவினைஞர் குடும்பங்களிடம் வழிவழியாக வாழ்ந்துவந்தது. உலகம் அதை அறிந்துகொண்டது ஒரு மாட்டு வண்டிக்காரர் மூலம்.

காவாஸ்ஜி மராட்டிய நாட்டு உழவர் குடியைச் சேர்ந்தவர். 1792இல் முடிந்த மூன்றாம் ஆங்கிலேய மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு எருது ஓட்டியவர். திப்பு சுல்தானின் படையினரிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்கும் மேலாக மூக்கில்லாமல் வாழ்ந்த பிறகு, புனே அருகில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு அமைத்துக் கொடுத்தார். பம்பாய் மாகாணத்து ஆங்கில மருத்துவர்களான தாமஸ் குரூசோவும் ஜேம்ஸ் ஃபின்லேயும் இந்த அறுவையைக் கண்டார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்துடன் ஒரு கடிதமாக இச்செய்தி வெளிவந்தது.

அந்தக் கடிதம் விவரிக்கும் முறை சங்கிதையிலிருந்து சற்று மாறுபடுகிறது. தோல் கன்னத்திலிருந்து அல்ல, நெற்றியிலிருந்து எடுக்கப்பட்டது. முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டால் மூக்கு ஒன்றை உருவாக்கி முகத்தில் பொருத்திப் பார்த்தார்கள். பிறகு அந்தத் தகட்டைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடு வரைந்து, கோட்டுக்குள் இருந்த தோலை உரித்தார்கள். இரு கண்களுக்கும் நடுவில் ஒரு சிறு பட்டை மட்டும் அறுக்கப்படாமல் விடப்பட்டது. உரித்த தோலைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து மூக்கின் இடத்தில் பொருத்தினார்கள். தையல் போடவில்லை. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி, ஐந்தாறு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வைத்தார்கள். நான்கு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. பத்தாம் நாள் துளைகள் மூடிக்கொள்ளாமல் இருக்க மென்துணி. ஏறத்தாழ 25ஆம் நாளில் கண்களுக்கு நடுவே இருந்த பட்டை அறுக்கப்பட்டது.

அறுவையைச் செய்தவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டு ஆங்கில மருத்துவர்களின் பெயர் தெரிகிறது, மாட்டு வண்டிக்காரரின் பெயர் தெரிகிறது, கத்தி பிடித்தவரின் பெயர் மட்டும் இல்லை. மண்ணைப் பிசைந்து வடிவம் கொடுத்துப் பழகிய கை, மெழுகில் முதலில் செய்து பார்த்துவிட்டுத் தோலைத் தொட்டது என்பதுதான் அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் குறிப்பு. இன்று கணினித் திரையில் 'இப்படி இருக்கும்' என்று காட்டப்படும் படத்துக்கு இந்த மெழுகு மூக்கை முன்னோடி எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மெழுகு தோலின் அளவைக் கணக்கிடப் பயன்பட்டது. கணினிப் படம் பல நேரங்களில் ஆசையை வளர்க்கப் பயன்படுகிறது. தோலின் தடிமன், குருத்தெலும்பின் வலிமை, ஆறும் விதம் ஆகியவை அந்தப் படத்துக்குத் தெரியாது. அதைப் பேச்சுக்கு உதவும் கருவியாக எடுத்துக்கொள்ளலாம், வாக்குறுதியாக அல்ல.

ஐரோப்பாவின் தயக்கம்

ஐரோப்பாவில் இதே கலை தனியாக ஒருமுறை தோன்றி மறைந்திருந்தது. 15ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் பிராங்கா குடும்பத்தினர் மூக்கு அமைத்தார்கள். பொலோஞா நகரப் பேராசிரியர் காஸ்பரே தாலியாகோட்சி 1597இல் இதைப் பற்றி விரிவான நூல் வெளியிட்டார். அவர் தோலை மேற்கையிலிருந்து எடுத்தார். தோல் மூக்கில் ஒட்டும்வரை நோயாளி கையைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்க வேண்டும். அவருக்குப் பின் அந்தக் கலை ஏறத்தாழ வழக்கொழிந்தது. அதற்குக் கடினமான முறை மட்டும் காரணமல்ல. அக்காலத்தில் பலருடைய மூக்கு சிஃபிலிஸ் நோயால் அழிந்தது. ஆகவே புது மூக்கு வேண்டுபவர் பாவத்தின் அடையாளத்தை மறைக்கப் பார்க்கிறார் என்ற சந்தேகம் எழுந்தது. பிறருடைய தோலில் செய்த மூக்கு, தோல் கொடுத்தவர் இறந்ததும் தானே உதிர்ந்துவிடும் என்ற கட்டுக்கதைகூட ஐரோப்பாவில் உலவியது. தாலியாகோட்சி பயன்படுத்தியதோ நோயாளியின் சொந்தத் தோலை.

புனேச் செய்தி இந்தத் தயக்கத்தை உடைத்தது. லண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பிணங்களில் பழகிப் பார்த்து, 1814 அக்டோபர் 23 அன்று ஒரு படை அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்தார். 1816இல் தன் இரண்டு அறுவைகளையும் நூலாக வெளியிட்டார். ஜெர்மானியரான கிரேஃபே 1818இல் எழுதிய நூலின் தலைப்பிலிருந்து 'ரைனோபிளாஸ்டி' என்ற பெயர் நிலைத்தது. இவை எல்லாம் மயக்கமருந்து இல்லாத காலத்து அறுவைகள். 1846இல் ஈதர் மயக்கமருந்தும் 1867இல் லிஸ்டரின் கிருமிநீக்க முறையும் வந்த பிறகுதான், உயிருக்கு அவசியமில்லாத அறுவையைப் பற்றி மனிதர்கள் நினைத்துப் பார்க்கவே முடிந்தது.

இழப்பிலிருந்து விருப்பத்துக்கு

1887இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜான் ஆர்லாண்டோ ரோ, நுனி பருத்து மேல்நோக்கிய சப்பை மூக்கைத் துளைகளின் உள்ளிருந்தே சீராக்கும் முறையை வெளியிட்டார். வெளியே தழும்பு தெரியாது. முழுதாக இருக்கும் மூக்கை, அதன் வடிவம் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றுவது அதுவரை அரிது. ஆனால் ரோ தன் கட்டுரைத் தலைப்பிலேயே அந்த வகை மூக்கை 'உருக்குறை' என்று அழைத்தார். நோய் இல்லாத ஓர் உறுப்பு, மருத்துவக் கட்டுரையின் தலைப்பில் குறைபாடாக ஆனது. அன்றைய அமெரிக்காவில் அந்த மூக்கு அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைகளின் மூக்காகக் கேலிச் சித்திரங்களில் வரையப்பட்டுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இக்கதையின் மையமான மனிதர் பெர்லினைச் சேர்ந்த ஜாக் ஜோசப். 1865இல் கோனிக்ஸ்பெர்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். எலும்பு மருத்துவப் பயிற்சியில் இருந்தபோது, 1896இல், காதுகள் துருத்திக்கொண்டிருந்த ஒரு சிறுவனை அவன் தாய் அழைத்து வந்தார். பள்ளியில் கேலி தாங்க முடியாமல் சிறுவன் படிக்கப் போக மறுத்தான். ஜோசப் காதுகளைச் சரிசெய்தார். அறுவை வெற்றி, ஜோசப்புக்கு வேலை போனது. தேவையில்லாத அறுவை செய்தார் என்பது மேலிடத்தின் குற்றச்சாட்டு.

1898இல் இளைஞர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். மூக்கு மிகப் பெரியதாக இருப்பதால் தெருவில் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள், மனிதர் நடுவே போக முடியவில்லை என்றார். ஜோசப் முதலில் பிணத்தில் செய்து பார்த்துவிட்டு அவருக்கு அறுவை செய்தார். அதே ஆண்டு மே மாதம் பெர்லின் மருத்துவச் சங்கத்தில் இதை விளக்கியபோது, மூக்கு சிறிதானதைவிட நோயாளியின் மனச்சோர்வு நீங்கியதற்கே அவர் அழுத்தம் தந்தார். உடலின் வடிவம் தரும் மனத்துயரும் மருத்துவம் கவனிக்க வேண்டிய துயரே என்பது அவருடைய வாதம். ஒப்பனை அறுவை முழுவதும் இன்றுவரை நிற்பது இந்த வாதத்தின் மேல்தான்.

வாதம் நியாயமானது. அதே நேரம் அதற்குள் ஒரு சங்கடமும் இருக்கிறது. அன்றைய பெர்லினில் யூத வெறுப்பு வளர்ந்துகொண்டிருந்தது. மூக்கை வைத்து யூதர்களைக் கேலி செய்யும் படங்கள் எங்கும் இருந்தன. ஜோசப்பிடம் வந்த யூதர்கள் பலர் அழகாக வேண்டும் என்று கேட்கவில்லை. கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்றே கேட்டார்கள். பணம் இல்லாதவர்களுக்கு அவர் இலவசமாகவும் செய்தார் என்பர். அப்படியானால் குறை இருந்தது மூக்கிலா, பார்த்தவர்களின் கண்ணிலா? 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜோசப்பின் மருத்துவப் பணியே முடக்கப்பட்டது. உலகெங்கும் அவர் மாணவர்கள் பரவியிருந்தார்கள். அவர் பெயரில் கருவிகள் இருந்தன. 1934 பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்தார். எத்தனை மூக்குகளை மாற்றினாலும் பார்க்கும் கண் மாறவில்லை.

'இந்த அறுவை வேண்டும் என்று முதலில் சொன்னது யார்?' என்ற கேள்வியின் கனம் இங்கே புரியும். நம் ஊரில் அதைச் சொல்பவர் பெண் பார்க்க வந்தவர்களாக இருக்கலாம், திரைப்பட வாய்ப்புத் தேடும் நண்பராக இருக்கலாம், கைப்பேசியின் முன்படக் கருவியாகவும் இருக்கலாம். முகத்துக்கு மிக அருகில் வைத்து எடுக்கும் படத்தில் மூக்கு உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரியும். அது ஒளியியலின் விளைவு. அதைக் கண்டு மருத்துவரிடம் போவதற்கு முன், சில அடி தள்ளி நின்று வேறொருவர் எடுத்த படத்தைப் பார்ப்பது நல்லது.

மெழுகு உருகியது

கத்தி இல்லாமல், ஒரே நாளில், ஊசியில் முடிந்துவிடும் என்ற வாக்குறுதி புதியதல்ல. வியன்னா மருத்துவர் ராபர்ட் கெர்சூனி 19ஆம் நூற்றாண்டின் முடிவில் உருக்கிய பாரஃபினைத் தோலின் அடியில் ஊசியால் செலுத்தும் முறையைப் பரப்பினார். பள்ளமான மூக்குத் தண்டை நிரப்ப அது எளிய வழியாகத் தெரிந்தது. சில ஆண்டுகளில் விளைவுகள் வெளிவந்தன. மெழுகு இடம்விட்டு நகர்ந்தது, கட்டிகளாக இறுகியது, இரத்தக் குழாய்க்குள் புகுந்து சிலரின் பார்வையைப் பறித்தது. பேரழகி என்று ஐரோப்பா கொண்டாடிய அமெரிக்கப் பெண் கிளாடிஸ் டீக்கன், கிரேக்கச் சிலைபோல் நேரான மூக்கு வேண்டும் என்று இருபதுகளின் தொடக்கத்தில் மூக்கில் மெழுகு ஏற்றிக்கொண்டார். நாளடைவில் அது முகத்தில் கீழே இறங்கித் தோற்றத்தைக் கெடுத்தது. பிற்காலத்தில் மார்ல்பரோ கோமகளாக ஆன அவர், அந்த முகத்தோடுதான் தொண்ணூறு வயதைத் தாண்டியும் வாழ்ந்தார்.

இன்று ஊசியில் செலுத்தப்படும் ஹையலுரானிக் அமில நிரப்பிகள் பாரஃபினைப் போன்றவை அல்ல. கரைக்கும் மருந்தும் உண்டு. ஆனால் மூக்கின் இரத்தக் குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடர்புள்ளவை என்ற உடலமைப்பு மாறவில்லை. நிரப்பி தவறுதலாகக் குழாய்க்குள் போனால் பார்வை போகக்கூடும், தோல் அழுகக்கூடும். அழகு நிலையத்தில் செய்துகொள்ளத்தக்க காரியம் அல்ல இது.

கிலீஸ் கற்றுக்கொண்ட பொறுமை

முதல் உலகப் போர் பதுங்குகுழிப் போர். தலையை உயர்த்தியவன் முகத்தில் குண்டு வாங்கினான். நியூசிலாந்தில் பிறந்த ஹரால்ட் கிலீஸ் 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் இப்படிச் சிதைந்த முகங்களுக்கென்றே பணியாற்றத் தொடங்கினார். அங்கே 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. புனேயின் நெற்றித் தோல் அங்கேயும் பயன்பட்டது. இன்றும் மருத்துவ நூல்கள் அதை 'இந்திய மடல்' என்றே அழைக்கின்றன.

மூக்கை இழந்த இளம் லெப்டினன்ட் ஒருவருக்கு கிலீஸ் விலாக் குருத்தெலும்பையும் நெற்றித் தோலையும் கொண்டு மூக்கு அமைத்தார். கட்டைப் பிரித்தபோது அது எறும்புத்தின்னியின் மூஞ்சிபோல் பெருத்திருந்தது. உடனிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கிலீஸ் வீக்கம் வடியக் காத்திருந்து, மிகுதியைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். முடிவில் அது அவருடைய சிறந்த மூக்குகளில் ஒன்றாக ஆனது. இன்றைய ஒப்பனை அறுவையில் கட்டு ஒரு வாரத்தில் பிரிக்கப்படும். கண்ணைச் சுற்றிய கன்றல் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறையும். ஆனால் நுனியின் வீக்கம் முழுதும் வடிய ஓராண்டு ஆகலாம், தோல் தடித்தவர்களுக்கு அதற்கும் மேல். திருமணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அறுவைக்கு நாள் குறிப்பவர்கள் அந்த லெப்டினன்டை நினைத்துக்கொள்ளலாம்.

இதே அறிவு பிறகு தமிழ்நாட்டிலும் பயன்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கினார். கைகள் இயங்கின, ஊருக்குத் திரும்பியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. அமுங்கிய மூக்கும் உதிர்ந்த புருவமும் நோயை அறிவித்துக்கொண்டே இருந்தன. ஆகவே மூக்கையும் புருவத்தையும் சீரமைக்கும் வேலையும் சேர்ந்தது. இந்நோயில் மூக்கின் வெளித்தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்; அழிவது உள்ளிருக்கும் சவ்வும் குருத்தெலும்பும். அதனால் உள்ளிருந்தே தாங்கு கொடுத்து மூக்கை உயர்த்த வேண்டியிருந்தது. தோற்றத்துக்காகச் செய்யும் அறுவை எல்லாம் வீண் ஆடம்பரம் என்று ஒரே வீச்சில் ஒதுக்குபவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேடை, புகழ், மூச்சு

போருக்குப் பின் அந்தத் திறமை சந்தைக்கு வந்தது. 1923இல் அமெரிக்க நகைச்சுவை நடிகை ஃபேனி பிரைஸ் தன் மூக்கை மாற்றிக்கொண்டது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அழுத்தமான நாடக வேடங்கள் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கிடைத்த ஒன்றிரண்டும் எடுபடவில்லை; மீண்டும் நகைச்சுவைக்கே வந்தார். அறுவை செய்த ஹென்றி ஷைர்சன் விளம்பரத்தில் வல்லவர். பிற்காலத்தில் அவருடைய மருத்துவ உரிமம் பறிக்கப்பட்டது. இத்தகையவர்கள் பெருகியதால் முறையான பயிற்சியைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பு தேவைப்பட்டது. அமெரிக்க ஒட்டறுவை வாரியம் 1937இல் அமைந்தது. இந்தியாவில் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்தபின் ஒட்டறுவையில் எம்.சி.எச். பட்டமோ, காது மூக்கு தொண்டையில் எம்.எஸ். பட்டமும் மூக்குச் சீரமைப்பில் தனிப் பயிற்சியும் பெற்றவரோ இதைச் செய்யத் தகுந்தவர். சுவரில் தொங்கும் 'அழகியல்' சான்றிதழ்கள் எல்லாம் இதற்கு ஈடாகா.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க் போன்ற நகரங்களில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற மூக்குகள் பெருகின. தண்டு குழிந்து, நுனி கூர்ந்து, சற்று மேல்நோக்கிய சிறு மூக்கு. எலும்பையும் குருத்தெலும்பையும் தாராளமாக வெட்டி எடுத்து அதை அடைந்தார்கள். சில ஆண்டுகள் நன்றாக இருந்தது. பிறகு தாங்கு இழந்த பக்கச் சுவர்கள் உள்ளே ஒடுங்கின. நுனி கிள்ளியது போலானது. மூச்சிழுக்கும்போது துளைகள் மூடிக்கொண்டன. சிகாகோ மருத்துவர் மாரிஸ் காட்டில் மூக்கின் பணி மூச்சு என்பதை விடாமல் சொல்லிவந்தார். கன்னத்தை விரலால் மெல்ல வெளிப்புறம் இழுத்துப் பார்த்து, மூச்சு எளிதாகிறதா என்று சோதிக்கும் முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஜாக் ஷீன் 1984இல், மூக்கின் நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் இடையே சிறு குருத்தெலும்புப் பட்டைகளை வைத்து மூச்சுவழியை அகற்றும் முறையை வெளியிட்டார். வெட்டி எறிவதிலிருந்து தாங்கு கொடுப்பதற்கு இத்துறை திரும்பியது. சுசுருதரின் இரண்டு குழல்கள் செய்த வேலையை இந்தப் பட்டைகள் செய்கின்றன.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து வருகிறது: என் மூக்கில் எதை எடுக்கப் போகிறீர்கள், எதை விட்டுவைக்கப் போகிறீர்கள், பத்து ஆண்டு கழித்து மூச்சு எப்படி இருக்கும்? நடுச்சுவர் வளைந்திருந்தால் அதையும் சேர்த்துச் சரிசெய்ய முடியுமா என்றும் கேட்க வேண்டும். ஒவ்வாமையால் எப்போதும் மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு அதற்கான மருத்துவம் முதலில்.

கண்ணாடிக்குள் இருப்பவர்

1891இல் இத்தாலிய மனநல மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி ஒரு நோயை விவரித்தார். உடலில் பிறர் காணாத, அல்லது மிகச் சிறிய, குறையைப் பற்றிய எண்ணம் ஒருவரை நாள் முழுதும் வாட்டும். கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்பார். அல்லது கண்ணாடியையே தவிர்ப்பார். இன்று இது உடலுருக் குறைப்பிறழ்வு எனப்படுகிறது. அதிகமாகக் குறிவைக்கப்படும் உறுப்புகளில் மூக்கும் ஒன்று. பொதுமக்களில் ஏறத்தாழ நூற்றில் இருவருக்கு இருக்கும் இந்நிலை, ஒப்பனை அறுவை நாடுபவர்களிடையே பல மடங்கு அதிகம். இவர்களுக்கு அறுவை பெரும்பாலும் உதவுவதில்லை. கவலை மற்றொரு குறைக்கு இடம் மாறும், அல்லது அடுத்த அறுவைக்குத் துரத்தும். மனநல ஆலோசனையும் மருந்தும் உதவுகின்றன.

நியூயார்க் ஒட்டறுவை மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், அறுவை வெற்றியடைந்தும் தங்கள் முகம் மாறவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்த நோயாளிகளைப் பார்த்துத் திகைத்து, 1960இல் 'சைக்கோ சைபர்னெடிக்ஸ்' என்ற நூலை எழுதினார். அந்நூலின் தீர்வுகளை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். கவனிப்பு மட்டும் சரியானது. ஜாக் ஜோசப்பின் இளைஞருக்கு மூக்கு மாறியதும் மனம் மாறியது. மால்ட்ஸின் நோயாளிகளுக்கு மாறவில்லை. இந்த இருவரில் நாம் யார் என்பதை அறுவைக்கு முன் அறிய ஓரளவு வழி உண்டு. எது பிடிக்கவில்லை என்பதை ஒருவர் 'தண்டில் உள்ள இந்த மேடு' என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால், அது குறைந்தால் போதும் என்று நினைத்தால், அறுவை அவருக்குப் பயன்பட வாய்ப்பு அதிகம். மூக்கு மாறினால் வேலை கிடைக்கும், பிரிந்தவர் திரும்புவார், வாழ்க்கை மாறும் என்பவர்களுக்கு வாய்ப்பு குறைவு.

அறைக்குள் போகுமுன்

வயதைப் பற்றி ஒரு குறிப்பு. மூக்கின் வளர்ச்சி பெண்களுக்கு ஏறத்தாழ 15, 16 வயதிலும் ஆண்களுக்கு 17, 18 வயதிலும் நிறைவடைகிறது. அதற்கு முன் விபத்து, பிறவிக் குறை போன்ற காரணங்கள் இல்லாமல் செய்வதில்லை. வளர்ச்சி முடிந்த உடனே செய்ய வேண்டும் என்றும் இல்லை. பதினாறில் பொறுக்க முடியாத மூக்கு இருபத்திரண்டில் பழகிவிடுவதுண்டு.

புகையை அறுவைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளும் சில நாட்டு மருந்துகளும் இரத்தப்போக்கைக் கூட்டும் என்பதால், உட்கொள்ளும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. மயக்கமருந்து கொடுப்பவர் யார், அவசர நிலைக்கு அங்கே என்ன வசதி உண்டு என்று கேட்பதில் தவறில்லை. மூக்குத்தியை எப்போது கழற்ற வேண்டும், எப்போது மீண்டும் போடலாம், கண்ணாடி அணிபவர் எத்தனை வாரம் அதை மூக்கில் தாங்கக் கூடாது என்பவற்றையும் முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஒப்பனைக்கான அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தருவதில்லை. மூச்சுத் தடைக்கான நடுச்சுவர் அறுவைக்குத் தரலாம். மருத்துவ நூல்கள் பொதுவாகக் குறிக்கும் கணக்குப்படி நூறு பேரில் 5 முதல் 15 பேர் வரை மறு அறுவைக்கு வருகிறார்கள். இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினமானது. தழும்பேறிய திசுவில் வேலை செய்ய வேண்டும். நடுச்சுவரின் குருத்தெலும்பு ஏற்கெனவே பயன்பட்டிருந்தால் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுக்க வேண்டியிருக்கும். முதல் அறுவை முடிந்து ஓராண்டாவது கழியாமல் அதைச் செய்வது அரிது. அதற்கான செலவை யார் ஏற்பது என்பதை முதல் அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.